வெளிநாட்டு அழைப்புக்கு ஆறு இலக்கம்

முன்பெல்லாம் ஒன்பதை அழுத்தினால் வெளி லைன் கிடைக்கும், பிறகு நாட்டு எண்ணை அடித்தால் கொழும்பு. லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் சரக்கு முகவர் அலுவலகத்தில் இவ்வளவுதான் நடைமுறை. ஒரு திங்கட்கிழமை அதையும் கெடுத்தார்கள். ஒன்பதுக்குப் பிறகு அவரவர் தமக்குத் தரப்படும் ஆறு இலக்க நம்பரை அடிக்கவேண்டும், அதை யாருக்கும் சொல்லக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. கொழும்பு விமான நிலையத்துச் சரக்குக்காரர்கள் வாட்ஸ்அப்பை எட்டியும் பார்க்கமாட்டார்கள். மேசைத் தொலைபேசியில் கூப்பிட்டால்தான் என் வேலை நடக்கும்.

பக்கத்து மேசையில் ஒரு அண்ணை. பதினெட்டு வருடமாக அங்கே இருப்பவர். நான் சேர்ந்த நாளிலிருந்து தங்கச்சி, தங்கச்சி என்று உருகுவார். நம்பர்கள் கொடுத்த அந்தத் திங்களன்றே கதிரையை உருட்டிக்கொண்டு வந்தார்.

“தங்கச்சி, என்ர நம்பர் இன்னும் வரேல்லை. உன்ரயை ஒருக்காச் சொல்லு பாப்பம்.”

மூத்தவர், ஊர்க்காரர். அண்ணை என்று கூப்பிட்ட வாயால் எப்படி மறுப்பது? சொன்னேன். என்னைப்போல ஒரு மடைச்சி இருக்கமாட்டாள்.

அவர் கொழும்புக்கு அடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தன் சட்டத்தரணிக்கு அடித்தார். சொந்தத் தம்பியோடு ஒரு மதில் வழக்கு. “மதிலை இடிச்சாப் பிறகுதான் மற்றக் கதை!” என்று தினமும் காலையில் அரை மணி நேரம் கத்தினார். நான் கேட்டும் கேளாதவள்போல இருந்தேன்.

மாத முடிவில் மேலாளர் கூப்பிட்டார். மலேசியத் தமிழர். குரலை உயர்த்தாமலே ஆளைக் கொல்லுவார்.

“உங்க நம்பர்ல இவ்வளவு யாழ்ப்பாணக் கால் எதுக்கும்மா?”

“நான் அடிக்கேல்லை. என்ர நம்பரை ஒராளுக்குக் குடுத்தனான்.”

“யாருக்கு?”

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அண்ணை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து தானே சொல்வார் என்று நம்பி வாயை மூடிக்கொண்டேன். அவர் எழுந்தார். தேநீர் போடப் போனார்.

“நம்பர் யாரோடதோ, கால் அவங்களோடது. ரூல் அதுதான். இன்னொரு தடவை நடந்தா உங்க விசாவுக்குக் கம்பனி லெட்டர் தரமாட்டேன்.”

விசா முடிய மூன்று மாதம் இருந்தது. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் பெட்டி கட்டவேண்டியதுதான். எச்சரிக்கைத் தாளில் கையெழுத்திட்டேன். புது நம்பர் தருவதற்காக மேலாளர், நம்பர் பெற்றவர்கள் கையெழுத்திடும் பட்டியலை என் பக்கம் நகர்த்தினார். முதல் வரியிலேயே அண்ணையின் கையெழுத்து. தேதி, அதே திங்கட்கிழமை. என்னிடம் வந்து கேட்டபோது அவருடைய நம்பர் அவர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரையா மூன்று வருடமாக அண்ணை என்றேன்?

மறுநாள் காலை கதிரை உருண்டு வந்தது.

“தங்கச்சி, புது நம்பர் தந்திட்டினமோ?”

“ஓம். தரமாட்டன்.”

“என்ன பிள்ளை, ஒரு அவசரத்துக்கு...”

“உங்கட நம்பரை அடியுங்கோ,” என்றேன், அலுவலகம் முழுக்கக் கேட்க. “முதல் ஆளா கையெழுத்து வைச்சு வாங்கினனீங்கள். அதிலயும் மதில் இடியும்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் கறுத்தது. சட்டத்தரணி காத்திருந்திருப்பார்போல, ரிசீவரை எடுத்து ஒன்பதை அழுத்தினார். பிறகு எந்தத் தாளையும் பார்க்காமல், ஒரு இடத்திலும் தடுமாறாமல், தன்னுடைய ஆறு இலக்கத்தையும் அடித்தார்.