முதல் ரெண்டு க்ளிக்

கேமராக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவன் முகம் தினம் பத்துப் பேர் கேமராவில் ஏறும், பத்தே நிமிஷத்தில் அழிந்தும் போகும். தி.நகரில் பன்னிரண்டு வருஷமாக டிஜிட்டல் கவுன்ட்டரில் நிற்கிறேன். போன வருஷம் முதலாளி எனக்கு எதிரிலேயே பழைய ஃபிலிம் கேமராக்களுக்கு ஒரு கவுன்ட்டர் போட்டு, பட்டினப்பாக்கத்து ஸ்டெல்லாவை உட்கார வைத்தார். இப்போது கண்ணாடிக் கதவை ஒட்டி, வாசலில் புதுசாக ஒரு கவுன்ட்டர் வருகிறது. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் அது, மாசக் கடைசியில் சொல்கிறேன் என்றுவிட்டார். எதிர் ஸீட்டைப் பார்த்து வயிறெரிந்த அன்பர்களே, உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

டிரையல் படம்

அடையாறிலிருந்து ஒரு அம்மா வந்தார். கைப்பையில் போட்டுக்கொண்டு தினமும் வாக்கிங் போக, சின்னதாக ஒரு கேமரா வேண்டுமாம். டிஜிட்டல் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு படம் எடுத்துப் பார்ப்பார்கள். எதிரில் நிற்கிறவன் நான்தானே? பல் தெரியச் சிரித்தேன். அவர் படத்தைப் பெரிசாக்கி, என் நெற்றியிலிருந்து மேலே மேலே நகர்த்திக்கொண்டே போனார். அடுத்த மாடல், அதற்கடுத்தது என்று நாலு கேமராவிலும் நான் சிரித்தேன். நாலையும் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நேர்ல உங்களுக்கு இவ்ளோ வழுக்கை தெரியலையே சார். கேமராவுலதான் ஏதோ கோளாறு."

காலி கேமரா

ஸ்டெல்லாவுக்கு இந்த அவஸ்தையே கிடையாது. ஃபிலிமில் எடுத்ததைக் கடையில் பார்க்க முடியாது. காலி கேமராவைக் கையில் கொடுத்து, சும்மா அமுக்கிப் பாருங்கள் என்பாள். க்ளிக் என்று ஒரு சத்தம் வரும். ஆள் அங்கேயே விழுந்துவிடுவார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் திரும்பி ஒரு முறை முறைப்பேன்.

தரமணியில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒருவருக்கு ஒரு சனிக்கிழமை முழுசாக ஒரு மணி நேரம் ஜூம், பேட்டரி எல்லாம் விளக்கி, எனக்குத் தொண்டையே வறண்டுவிட்டது. பில் புத்தகத்தைக் கையிலெடுத்தேன். எதிரில் க்ளிக். மனுஷன் எழுந்து போய்விட்டார். போன கையோடு ஒன்றை வாங்கி, அதை என்னிடமே கொண்டுவந்து காட்டினார். "நாளெல்லாம் ஸ்க்ரீனைத்தான் பாக்கறேன் சார். இதுல ஸ்க்ரீனே இல்ல பாருங்க!"

முப்பத்தாறு

சரி, நல்லவன் மாதிரி பேசிக் கெடுப்போம் என்று இறங்கினேன். மயிலாப்பூர் மாமா ஒருவர், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், பங்குனி உற்சவத்துக்குக் கேமரா வாங்க வந்தார். ஸ்டெல்லா டீ குடிக்கப் போயிருந்தாள். ஃபிலிமின் குறைகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான், கழுவி வர ஒரு வாரம், கண்ணை மூடியிருந்தால் மூடினதுதான், அழிக்கவே முடியாது. மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "முப்பத்தாறோட நின்னுடுமா? பேஷ். எங்காத்துல மாமி போன்ல சாம்பாரைப் படம் எடுத்து முடிக்கறதுக்குள்ள அது ஆறிப்போயிடறது. அந்தப் பொண்ணு எப்போ வருவா?"

எண்ணிக்கையில் வராதது

ஸ்டெல்லா வந்தாள், மாமாவுக்கு ரோல் போட்டுக் கொடுத்தாள். மாட்டும்போதே வெளிச்சம் பட்டுவிடுவதால் புது ரோலில் முதல் ரெண்டு க்ளிக் வீண். எங்கேயாவது திருப்பி அமுக்கித் தள்ளிவிட்டுத்தான் ஒன்று என்று எண்ண ஆரம்பிப்பார்கள். அவள் திருப்புவது எந்தப் பக்கம் என்று நான் யோசித்ததே இல்லை.

மாசக் கடைசி. ஃபிலிம் எல்லாம் நாலு நாள் மோகம், வாசலுக்குப் பழகின முகம்தான் வேண்டும் என்று முதலாளி காதில் மெல்லப் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா பிரின்ட் கவரோடு உள்ளே வந்தார். கோபுரம், பல்லக்கு எல்லாம் பிரமாதம். முதல் படத்தை மட்டும் தனியே எடுத்து, இது தன்னுடையது இல்லை, யாரோ முறைத்துக்கொண்டு நிற்கிறார் என்று ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். பாதி வெளுத்த படம். மீதிப் பாதியில் நான்.

அவள் அதை உள்ளே வைக்க டிராயரைத் திறந்தாள். முதலாளி எட்டிப் பார்த்தார். எங்களது இல்லை என்று வாடிக்கையாளர்கள் விட்டுப்போன முதல் படங்கள், ஒரு கட்டு. அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கவுன்ட்டர் கண்ணாடி மேல் பரப்பினார். எல்லாவற்றிலும் நான், அதே முறைப்பு. என் காது சுட்டது. அவர் வாசல் கவுன்ட்டர் சாவியை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்காமல் என்னைப் பார்த்தாள். "உங்கள மாட்டிவுடறதுக்கு இல்ல சார். ஒண்ணுலயாவது சிரிச்சிருப்பீங்க, அத்த உங்களுக்குக் குடுக்கலாம்னுதான் சேத்துக்கினு இருந்தேன்." கட்டை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் சாவியை வாங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டு வருஷம் நான் சிரித்த படமெல்லாம் அழிந்துபோச்சு, பொறாமையில் வெந்த படங்கள் மட்டும் ஒன்றுகூடத் தொலையாமல் இப்போது என் டிராயரில் இருக்கின்றன.