ஊசிப்புல்லும் தண்ணீர் பாட்டிலும்

சென்ற ஆண்டு தை மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். மனைவியையும் ஐந்து வயது மகளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு குரங்கணிக்குப் போயிருந்தேன். போடியில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். பாதி டாக்டர் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

மலைச்சரிவு முழுக்க முழங்கால் உயரத்துக்குப் புல் காய்ந்து, காற்றில் இறகு மாதிரி சாய்ந்தாடியது. அதற்குள் மகளைப் படுக்க வைத்துப் போட்டோ எடுத்துத் தள்ளினேன். ரோட்டுக்கு வந்ததும், "அத்தா, காது குத்துது" என்று அழ ஆரம்பித்தாள். எறும்பு புகுந்திருக்கும், தண்ணீர் விட்டால் வெளியே வந்துவிடும் என்று அவள் தலையைச் சாய்த்துப் பிடித்து, பாட்டிலைத் திறந்தேன்.

"ஊத்தாதீங்கண்ணே!"

எஸ்டேட் ஜீப்புக்காக நின்றிருந்த ஒரு பெண் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உங்க சோலியப் பாருங்கம்மா" என்று கத்திவிட்டேன்.

அவர் என் மகளின் கவுனில் அப்பியிருந்த புல் விதை ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து, என் பாட்டிலிலிருந்தே இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். விதையின் நீண்ட வால் புழு மாதிரி திருகிச் சுழன்றது.

"ஊசிப்புல்லுண்ணே. பிஞ்சுல மாட்டுக்கு அறுத்துப் போடுவோம். வெதை வந்துருச்சுன்னா ஆட்டக்கூட அந்தப் பக்கம் விட மாட்டோம், தோலத் தொளச்சுரும். தண்ணி பட்டா உள்ளதான் ஏறும். நீங்களா நோண்டாதீங்க, வெரசா டாக்டர்ட்ட கொண்டு போங்க."

உடனே பைக்கைக் கிளப்பினேன். மனைவி மகளின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு குழியிலும் வண்டி இறங்கும்போது, விதை இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்குமோ என்று வேகத்தைக் குறைத்தேன். பாதி வழியில் அழுகை நின்றது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். காது கேட்காமல் போய்விட்டதோ, அவள் அசையவே இல்லை.

போடியில் காது டாக்டர் விதையை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டார். செவிப்பறையைத் தொட்டும் தொடாமலும் நின்றிருந்ததாம்.

"தண்ணி கிண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்வதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பெண்ணிடம் நான் நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஊர் பேர்கூடத் தெரியாது. நான் அப்படிக் கத்திய பிறகும் ரோஷப்பட்டு ஒதுங்கிப் போகாமல் அவர் நின்றாரே, அந்த ஒரு நிமிடத்தால்தான் இன்று நான் மெல்லக் கூப்பிட்டாலும் என் மகள் திரும்பிப் பார்க்கிறாள்.