கருகாத பாண்

ஊரெல்லாம் எழும்பி ஓடத் தொடங்கிய நேரத்தில்தான் எங்கள் அப்பா படுத்தார். நடந்ததைத்தான் சொல்கிறேன், ஆனாலும் இன்றைக்கும் இதைச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம் அது. மல்லாவிச் சந்தியில் அதுவரை நாங்கள் கண்ணாலும் காணாத சோடாப் போத்தல்களும் பற்றரிகளும் வந்து இறங்கின. நேற்றுவரை விறகு கட்டி விற்றவர்கள்கூடக் கடை போட இடம் தேடி அலைந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில், கையில் தொழிலும் கடையும் வைத்திருந்த ஒரு மனிதர் சாக்குக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு முகட்டைப் பார்த்தால் யாருக்குத்தான் விசர் வராது?

அப்பா பேக்கரிக்காரர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது யாழ்ப்பாணத்தின் கரையோர ஊர் ஒன்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம் எங்களது. அங்கே அப்பாவுக்குச் சொந்தப் பேக்கரி இருந்தது. பாண் என்று நாங்கள் சொல்லும் ரொட்டி வேகிற பெரிய அடுப்பைப் போறணை என்பார்கள். அந்தப் போறணையை அப்பா கல் கல்லாகத் தன் கையால் கட்டினாராம். மல்லாவிக்கு வந்த பிறகு வேறொருவருடைய காணியில் கொட்டில் போட்டு, சின்னதாக இன்னொன்று கட்டினார். சண்டை நடந்த காலம் முழுவதும் அதில் பாண் போட்டார். மா கிடைத்தால் ஈஸ்ட் கிடைக்காது. அந்த நாட்களில் கள்ளு விட்டு மாவைப் புளிக்கவைத்தார். மேலே பிளேன் சுற்றினால் புகை தெரியாமல் போறணையின் வாயை மூடிவிட்டுக் குந்தியிருப்பார், போனதும் திறப்பார். பாண் சில நாள் புளித்தது, சில நாள் பாதிதான் வெந்தது. சனம் ஒரு சொல் குறை சொல்லாமல் வாங்கித் தின்றது.

அந்த மனிதர்தான், பிளேனும் இல்லை, மாவுக்கும் தட்டுப்பாடில்லை என்ற நிலை வந்ததும் படுத்துவிட்டார்.

பாதை திறந்த கையோடு அவர் ஊரைப் பார்க்க யாழ்ப்பாணம் போனார். எங்களுக்கும் ஆசைதான், ஆனால் தான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். இரண்டு நாளில் திரும்பி வந்தார். அம்மா படலையடியிலேயே மறித்துக் கேட்டார்.

"வீடு எப்பிடி?"

"கிடக்கு."

"பேக்கரி?"

"அதுவும் கிடக்கு."

எங்கள் பேச்சில் கிடக்கு என்றால் இருக்கிறது என்று அர்த்தம். எப்படி இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் வராது. அம்மா எத்தனை விதமாகக் கிண்டியும் அதற்கு மேலே ஒரு சொல் பெயரவில்லை. அப்பா கிணற்றடியில் முகம் கழுவினார், தேத்தண்ணீர் குடித்தார், கட்டிலில் சாய்ந்தார். அவ்வளவுதான். பிறகு யாராவது வீதியில் என்னை மறித்து அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், நானும் வஞ்சகமில்லாமல் "கிடக்கிறார்" என்றே சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு கிழமைக்குக் கறுத்திருந்தது. உண்மையைச் சொன்னதற்குக் கிள்ளு வாங்குவது அந்த வருடம் எனக்கு வழக்கமாகிப் போனது.

வருத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. போறணைக்குள் ஒரு கோழி புகுந்து முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியது. அதையும் பார்த்துக்கொண்டு கிடந்தார். இதற்கிடையில் வவுனியாவிலிருந்து லொறியில் பாண் வரத் தொடங்கியது. பஞ்சு மாதிரிப் பாண், பளபளக்கிற பொலித்தீன் பையில். எங்களிடம் வாங்கியவர்களெல்லாம் ஒரு கிழமை காத்திருந்து பார்த்துவிட்டு அதற்கு மாறினார்கள். அம்மா விடிய எழும்பி அப்பம் சுட்டு விற்றுத்தான் எங்கள் வயிற்றைக் கழுவினார். வேண்டுமென்றே ஒரு நாள் அந்த வவுனியாப் பாணையே வாங்கி வந்து அப்பாவின் முன்னால் படார் என்று வைத்தார்.

"கடைப் பாண் வாங்கித் தின்னுற பேக்கரிக்காரன்ர பெண்டில் உலகத்திலை நான் ஒருத்தியாத்தான் இருப்பன். தின்னுங்கோ!"

அப்பா தின்றார். சம்பல் கொஞ்சம் கூடக் கேட்டு வாங்கித் தின்றார். அம்மா குசினிக்குள் போய்ச் சட்டி பானைகளைப் போட்டு உருட்டிய சத்தம் அடுத்த வளவுக்குக் கேட்டிருக்கும்.

ஊரில் வாயுள்ளவர்கள் எல்லாரும் வைத்தியர்களானார்கள். ஒருவர் நாவூறு என்றார், இன்னொருவர் சனி என்றார். அம்மா கோயிலில் நூல் வாங்கிக் கட்டிவிட்டார். நூல் கட்டிய கையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு அப்பா படுத்திருந்தார். கடைசியில் வவுனியாவிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, அங்கே ஒரு கடையில் மனேச்சர், எதற்கும் விளக்கம் சொல்லத் தெரிந்தவர். "அத்தான், எல்லாம் மனசிலைதான் கிடக்கு. வெள்ளண எழும்புங்கோ, உடம்பை அசையுங்கோ, நல்லதை நினையுங்கோ. யாவாரம் தன்ரபாட்டிலை வரும்" என்று கட்டிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் கதைத்தார். மூன்றாம் நாள் காலமை, எப்படி உடம்பை அசைப்பது என்று காட்ட முற்றத்தில் இறங்கிக் குனிந்து கால் பெருவிரலைத் தொட்டார். குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது. அம்மா அவருக்கும் ஒரு பாயை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்தார். அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் இரண்டு ஆம்பிளைகள் படுத்திருந்தார்கள். அம்மாவுக்கு எண்ணெய் தடவுகிற வேலையும் சேர்ந்தது.

மாமா நொண்டி நொண்டி பஸ் ஏறிய பிறகு காணிக்காரர் வந்தார். நல்ல மனிதர். கோபத்தோடு வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "தம்பி, நானும் எத்தனை நாளைக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறது? சைக்கிள் சாமான் கடை போட ஒரு ஆள் கேக்குது. ஆவணி முடியிறவரைக்கும் பொறுக்கிறன். அதுக்குள்ளை நெருப்பு மூட்டினா இடம் உமக்கு. இல்லாட்டிப் போறணையை இடிக்கவேண்டியதுதான்" என்றார். அப்பா "ஓம்" என்றார். அவ்வளவுதான், வாய்க்கு நோகாத ஓம். போறணை போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது, அம்மாவின் அப்பச்சட்டியில் நாங்கள் எத்தனை நாள் தொங்குவது? சின்னப்பிள்ளை எனக்கே அது விளங்கியது. அவருக்கு விளங்கவில்லையா என்றுதான் எனக்கு ஆத்திரம்.

அம்மா அன்றைக்குச் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த நாள் விடிய என்னை உலுப்பி எழுப்பிப் பள்ளிக்கூடச் சட்டையைப் போடச் சொன்னார். "எங்கை?" என்றேன். "அப்பிடி என்னத்தைத்தான் பாத்திட்டு வந்து படுத்தவர் எண்டு ஒருக்காப் பாத்திட்டு வருவம்" என்றார்.

அந்தப் பயணத்தை நினைத்தாலே எனக்கு இப்போதும் தொண்டை வறளுகிறது. பஸ் மாறி மாறிப் போய், முகமாலையில் இயக்கம், இராணுவம் என்று இரண்டு பக்கத்துச் சோதனைக்கும் பையைத் திறந்து திறந்து மூடி, புழுதி தின்று, பிறகு இன்னொரு பஸ். நான் சோடா கேட்டேன். அம்மா போத்தல் தண்ணீரை நீட்டினார். கடைசி பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடந்தோம். வீதி ஓரிடத்தில் நின்றுபோனது. குறுக்கே மண் நிரப்பிய தகரப் பரல்களும் முட்கம்பி வேலியும். ஒரு சிப்பாய், மீசை அரும்பாத பெடியன், கையை ஆட்டி "போக ஏலாது அம்மா" என்று தெரிந்த தமிழில் சொன்னான். வேலிக்கு அப்பால் இராணுவ முகாம், அதற்குள் கூப்பிடு தூரத்தில் ஒரு சாம்பல் நிறச் சுவர் தெரிந்தது. அம்மா அதைக் காட்டி, "அதுதான் பிள்ளை எங்கட பேக்கரி" என்றார்.

அதன் புகைக்கூண்டிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு காற்று இந்தப் பக்கம் திரும்பியது. நான் விடியலிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாதவள். "அம்மா, பாண் மணக்குது" என்றேன். பொன்னிறமாக மேல்பக்கம் வெடித்து வருகிற நேரத்துப் பாணின் வாசம். அதைத் தெரியாமல் ஒரு பேக்கரிக்காரனின் மகள் இருக்கமுடியாது. அம்மா திடீரென்று திட்டத் தொடங்கினார். அந்தப் பெடியனை அல்ல, அப்பாவை.

"கிடக்காம்! பாவி மனுசன். வேலை செய்யுது எண்டு ஒரு சொல்லுச் சொன்னவரோ? வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ வைச்சிருந்தவர்?"

திட்டத் திட்ட மூக்கைச் சீறினார். அந்தப் பெடியன் தன்னைத்தான் பேசுகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அம்மாவின்மேல்தான் எரிச்சல். இவ்வளவு தூரம் வந்து வேலியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா?

அன்றிரவு தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, அடுத்த நாள் பின்னேரம் மல்லாவிக்கு வந்து சேர்ந்தோம். அப்பா கட்டிலில். அம்மா தோளில் கிடந்த பையைக்கூட இறக்கவில்லை.

"உங்கட போறணையைப் பாத்திட்டு வாறன்."

அப்பா முகட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"பாண் போடுறாங்கள். ஆனா என்ன, எல்லாத்தையும் கருக விடுறாங்கள். வேலியடியிலை நிக்க ஏலாது, அவ்வளவு கருகல் மணம். அந்தப் போறணையின்ர சூடு வேறை ஆருக்குப் பிடிபடப்போகுது?"

அப்பா கட்டிலில் எழும்பி இருந்தார். மாதக் கணக்கில் ஒரு சொல்லுக்காக அவர் எழும்பி இருந்தது அதுதான் முதல் தடவை. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பொய் என்றால் எனக்குப் பொறுக்காது.

"இல்லை அப்பா, அம்மா புளுகுறா! கருகவே இல்லை. நல்ல வாசம். எனக்குப் பசியே வந்திட்டுது."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நானே கருகியிருக்கவேண்டும். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டே, "தெரியும் பிள்ளை. நான் போன நேரமும் நல்லாத்தான் மணந்தது" என்றார். பிறகு அம்மாவிடம், "நீர் ஏன் போனனீர்? உமக்கு இது தெரியவேண்டாம் எண்டுதானே நான் வாயைத் திறக்கேல்லை" என்றார்.

"தெரிஞ்சா என்ன? செத்தா போனன்?" என்றார் அம்மா.

பிறகு அப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். கோழி கத்திக்கொண்டு வெளியே பறந்தது.

ஆவணி முடிவதற்கு முன்னமே காணிக்காரர் புகையைக் கண்டு ஒரு றாத்தல் பாணும் வாங்கிக்கொண்டு போனார். அதைப் பிறகு சொல்லிப் பெருமைப்பட்டவர்களில் முதல் ஆள் வவுனியா மாமா. தான் கதைத்த கதைதான் அத்தானை எழுப்பியது என்று இன்றுவரை சொல்லித் திரிகிறார். எனக்கோ வேறு வழக்கு. பொய் சொன்ன அம்மாவுக்குப் போறணை எரிந்தது. உண்மையைச் சொன்ன எனக்கு ஒருவரும் கெட்டிக்காரி என்று சொல்லவில்லை. பொய் என்று தெரிந்த மனிதர் பிறகு ஏன் எழும்பினார்? இதை நினைத்து நினைத்து நான் கனநாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்பா எழும்பிக் கொட்டிலுக்குப் போன அந்தப் பின்னேரம் நானும் அதன் வாசலில் போய் எட்டிப் பார்த்தேன். அப்பா மா குழைத்துக்கொண்டிருந்தார், அம்மா தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற முருங்கை இன்னும் நிற்கிறதா என்று அப்பா கேட்டார். நிற்கிறது என்றார் அம்மா. வடக்குச் சுவரில் ஒரு வெடிப்பு விழுந்திருப்பதைக் கண்டீரா என்று கேட்டார். அது பழைய வெடிப்புத்தானே என்றார் அம்மா. இரண்டு பேருக்கும் கண்ணால் நீர் ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் துடைக்கவில்லை. இவ்வளவு நாளும் இதைத் தனியாக ஏன் வைத்திருந்தீர்கள் அப்பா என்று கேட்கிற பிள்ளை ஒருத்தி அந்த வாசலில் நின்றிருக்கவேண்டும். நின்றது நான். இனிப்புப் பணிஸ் எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன்.