சாக்ஸைக் கழற்றுகிற வேலை

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தின் வடகோடியில் அந்த ஊர் முழுக்க உருளைக்கிழங்கு. கிழங்கு தோண்டும் மூன்று வாரமும் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். அந்த மூன்று வாரத்தில் எவனுக்கும் நோய் வராது. வந்தாலும் வாயைத் திறக்க மாட்டான். "தோண்டி முடியட்டும், பாத்துக்கலாம்" என்பதுதான் பல்வலிக்கும் பதில், நெஞ்சுவலிக்கும் பதில். ஊர்க் கிளினிக்கின் ரிசப்ஷனில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்து இதையே கேட்டுக் கேட்டு நோயெல் மிச்சோவுக்குக் காது புளித்துவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு செப்டம்பரில், ஆல்பன் டுபே உள்ளே வந்தார். கிழங்கு விவசாயி, அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோய் வேறு. இடது பூட்ஸின் கயிறு கட்டாமல் தொங்கியது, நடையில் ஓர் இழுப்பு. நோயெல் கவனித்துவிட்டாள். வின்னி இருந்திருந்தால் அவரை உட்கார வைத்து முதல் வேலையாகச் சாக்ஸைக் கழற்றியிருப்பாள். வின்னி நர்ஸ் பிராக்டிஷனர்; அதாவது மேற்படிப்பு படித்து, தானே நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதித்தரத் தகுதி பெற்ற நர்ஸ். ஆனால் அவள் அந்த ஜூனில்தான் ஓய்வு பெற்று வெயில் அடிக்கிற ஊராகப் பார்த்துப் போயிருந்தாள். மிச்சம் இருந்தவர் செவ்வாயும் வியாழனும் மட்டும் வருகிற டாக்டர் ஏவரில்.

"அவர் நொண்டுறார் டாக்டர். காலைக் கொஞ்சம் பாருங்க" என்று நோயெல் சொன்னாள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், மாத்திரையைக் கூட்டினார், கால் எப்படி இருக்கிறது என்று வாயால் கேட்டார். நன்றாக இருக்கிறது, தோண்டி முடியட்டும் என்றார் ஆல்பன். ஆறே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். தோண்டி முடிந்தபோது புண் எலும்புவரை போயிருந்தது. நவம்பரில் இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

நோயெலை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரிசப்ஷனில் இருப்பவள் யார் காலையும் தொடக்கூடாது, அதுதான் விதி. ஆனாலும் அவளால் அதை விழுங்க முடியவில்லை. வின்னியின் இடத்துக்கு வந்த இரண்டு பேரும் அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் ஓடிப்போனார்கள். சரி, வெளியூரிலிருந்து எவளும் வந்து நிலைக்கப்போவதில்லை, நானே அந்த நாற்காலியில் உட்காருகிறேன் என்று முடிவெடுத்தாள். அப்போது வயது முப்பத்தேழு. படித்த பட்டமோ வரலாறு.

நர்ஸ் அல்லாதவர்களைச் சேர்த்து, முதலில் நர்ஸாக்கி, பிறகு பிராக்டிஷனராகவும் ஆக்கி அனுப்புகிற மூன்று வருடப் படிப்பு சில கல்லூரிகளில் உண்டு. அதற்கு விண்ணப்பம் போடவே உடற்கூறு, நுண்ணுயிர், வேதியியல், புள்ளியியல் எல்லாம் தேறியிருக்க வேண்டும். வேலைக்கு நடுவே ஒவ்வொன்றாகப் படித்தாள். நாலரை வருடம் ஆனது. சமையலறை அலமாரிக் கதவெல்லாம் எலும்புப் படம். அவள் கணவன் கிளேட்டன் மரம் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறவன், பசி பொறுக்காதவன்.

"என் முழங்கைக்கு மூணு பேரு வச்சிருக்கே, சந்தோஷம்" என்பான். "வயித்துக்கு என்ன வச்சிருக்கே?"

"ரெண்டு கை இருக்குல்ல, மாவைக் கலக்கு."

முனகிக்கொண்டே கலக்குவான். ஆறு வருடத்தில் அவன் வார்க்கும் ப்ளோய் என்கிற அந்த ஊர்த் தோசை அவளுடையதைவிட மெத்தென்று வர ஆரம்பித்துவிட்டது. அவன் ஒரு நாளும் விட்டுவிடு என்று சொன்னதில்லை.

முதல் தடவை நான்கு கல்லூரிகளுக்குப் போட்டாள். நான்கும் முடியாது என்றன. மதிப்பெண் பிரமாதம், இத்தனை வருடக் கிளினிக் வேலை, பிறகென்ன கேடு என்று புரியவில்லை. அடுத்த வருடமும் அதே நான்கு. மூன்று கல்லூரி நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. கூப்பிட்டது ஒன்று. அதுவும் போனால் கதை முடிந்தது. உடற்கூறு பாடம் ஐந்து வருடத்துக்கு மேல் பழசானால் செல்லாது, அவளுடையது மே மாதத்தோடு காலாவதி. திரும்பவும் முதலிலிருந்தா? அதை நினைக்கவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஜனவரியில் ஐந்து மணி நேரம் பனியில் வண்டி ஓட்டிப் போய் உட்கார்ந்தாள். எதிரே மூன்று பேராசிரியர்கள், மூவரும் நர்ஸுகள். நடுவிலிருந்த ஹாஸ்கெல் என்ற அம்மாள் ஃபைலை மூடிவைத்துவிட்டுப் பேசினாள்.

"பரிந்துரைக் கடிதத்தைப் படிச்சுக் காட்டக்கூடாது. ஆனா கேக்காம விடவும் மனசில்ல. உங்களுக்காக எழுதின ஒருத்தர், நர்ஸ் வேலைக்கு உங்க புத்திசாலித்தனம் ரொம்ப அதிகம்னு நினைக்கிறார். டாக்டராக முடியாததால இது ஒரு குறுக்குவழின்னு நினைக்கிறார். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?"

நோயெலுக்கு முகம் சுட்டது. யார் என்று கேட்கத் தேவையில்லை. கடிதத்தை நான் பார்க்க மாட்டேன் என்று எல்லோரையும்போல அவளும் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் குறி போட்டிருந்தாள். டாக்டர் எழுதினால்தான் எடுபடும் என்று ஏவரிலிடம் வலியப் போய்க் கேட்டவளும் அவள்தான். கேட்டது நர்ஸுகளிடம் இடம். கொண்டுபோய்க் கொடுத்தது நர்ஸுகளை மட்டம் தட்டும் காகிதம். இரண்டு வருடமாக எட்டுக் கதவில் அதையே ஒட்டியிருக்கிறாள்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம் என்று விட்டாள்.

"போன வருஷம் நானே என் கட்டுரையில 'வெறும் நர்ஸா நின்னுட மாட்டேன்'னு எழுதினேன். அது என் மடத்தனம்" என்றாள். பிறகு ஆல்பன் டுபேயின் பூட்ஸ் கயிற்றைச் சொன்னாள். "டாக்டர் சொன்ன மருந்துல தப்பே இல்ல. ஆனா யாரும் சாக்ஸைக் கழட்டல. வின்னி கழட்டியிருப்பா, ஏன்னா அவ நர்ஸ். என் கண்ணுக்குத் தெரிஞ்சுது, கைக்கு உரிமை இல்ல. குறுக்குவழிக்கு வரலீங்க. அந்தச் சாக்ஸைக் கழட்டுறதுக்கு வந்திருக்கேன்."

ஹாஸ்கெல் என்னவோ எழுதிக்கொண்டாள். எழுதியது நல்லதா கெட்டதா என்று நோயெலால் படிக்க முடியவில்லை. "பனி கூடுது, பாத்து ஓட்டுங்க" என்று அனுப்பிவைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஏவரில் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, நோயெல் போய் முன்னால் நின்றாள்.

"கடிதத்துல நீங்க என்ன எழுதினீங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு டாக்டர்."

"உன்னைப் புகழ்ந்துதானே எழுதினேன்?"

"அவங்களை இறக்கி என்னை ஏத்தினீங்க. அதைப் படிக்கிறதே அவங்கதான்."

ஏவரில் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. உண்மையிலேயே நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தவர். கையுறையைத் திருகினார்.

"வேற எழுதித் தரட்டுமா?"

"இனிமே எதுக்கு? அந்தக் காலை நீங்க பாத்திருக்கணும் டாக்டர். எழுதினதைவிட அதுதான் எனக்குக் கோவம்."

ஆறு வருடமாக நெஞ்சில் கிடந்தது. சொல்லிவிட்டு வந்து, மணியடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள். வேலையைவிட்டு நிறுத்தினாலும் நிறுத்தட்டும் என்றிருந்தாள். அவர் நிறுத்தவில்லை. அன்று முழுக்க அவளிடம் பேசவும் இல்லை.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, காத்திருக்கிறவர்களுக்கு நடுவிலேயே கடிதத்தைப் பிரித்தாள். சேர்த்துக்கொண்டோம் என்று இருந்தது. கிளேட்டனுக்குப் போன் போட்டாள். "அப்போ இன்னும் மூணு வருஷம் நான்தான் மாவு கலக்கணுமா?" என்றான். லாரியை ஓரம் கட்டிவிட்டுத்தான் பேசியிருக்க வேண்டும், இன்ஜின் சத்தமே கேட்கவில்லை.

ஆல்பன் டுபே தடியை ஊன்றிக்கொண்டு மேசையருகே வந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"வின்னியோட நாற்காலிக்கா படிக்கப்போறே?"

"ஆமா."

"எவ்வளவு நாளாகும்?"

"மூணு வருஷம்."

ஆல்பன் குனிந்து தன் வலது பூட்ஸைப் பார்த்தார். "சரி, போயிட்டு வா. இன்னொண்ணு இருக்கு. அதை உனக்காக வச்சிருக்கேன்."

நோயெலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு எழுந்து டாக்டரின் கதவைத் தட்டினாள்.

"ஆல்பன் வந்திருக்கார் டாக்டர்."

ஏவரில் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உள்ள வரச்சொல்லு. பூட்ஸைக் கழட்டிட்டு வரச்சொல்லு" என்றார். பிறகு, அவள் திரும்புவதற்குள், "சாக்ஸை நான் கழட்டிக்கிறேன்" என்றார்.