மூடுபனியில் இரண்டு வீடுகள்

பிறின்சி ஹவுன்ஸ்லோவில் இருக்கிறார். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் வேலை. சர்க்கரை கூடியதும் டாக்டர் நடக்கச் சொல்ல, ஒரு நடைக் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு ஒரு கோடையில், தொல்லியல் ஆய்வொன்றுக்கு உதவியாக, வேல்ஸ் மலையொன்றுக்குப் பழைய வீடுகளின் தடங்களை அளக்கப் போனது.

"கல்லுப் பார்க்கவோ லீவு எடுக்கிறீர்?" என்றார் கணவர் றொமேஷ்.

உண்மையில் அங்கே கல் மட்டும்தான் இருந்தது. சரிவை வெட்டிச் சமப்படுத்திய தரை, முழங்கால் உயரத்தில் இடிந்த சுவர், உள்ளே செம்மறிப் புழுக்கை. எழுநூறு வருடங்களுக்கு முன் அங்கே உழுது பிழைத்தவர்களின் வீடுகள். ஓர் ஊராகக் கூடியிராமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தன.

"கோடையிலயே இப்பிடிக் குளிருது, ஏன் தள்ளித் தள்ளிக் கட்டினவை?" என்று பிறின்சி கேட்டார்.

"அவங்கவங்க வயல் பக்கத்துலயே இருந்திருப்பாங்க," என்றார் குழுவில் வந்த கிரிஜா. அவர் கோயம்புத்தூர்க்காரர், லண்டனிலேயே ரெய்னர்ஸ் லேனில் வீடு, வங்கியில் வேலை. இருவரும் சேர்ந்துதான் அளந்தார்கள்.

இரண்டாம் நாள் மதியம் பிறின்சி கீழ் வீட்டிலும் கிரிஜா மேல் வீட்டிலும் நின்றபோது மூடுபனி இறங்கியது. எதிரே எதுவும் தெரியவில்லை. போனில் சிக்னலும் இல்லை. மேலே கல் சரியும் சத்தம் கேட்டது.

"அக்கா, கால் பிசகிடுச்சு. எழுந்திருக்க முடியல."

"அசையாதையுங்கோ, நான் வாறன். கதைச்சுக்கொண்டே இருங்கோ."

"என்ன பேசறது?"

"ஏதாவது."

கிரிஜா தான் தினமும் போகும் ரயிலின் நிலையங்களைச் சொல்லத் தொடங்கினார். ரெய்னர்ஸ் லேன், சவுத் ஹாரோ, சட்பரி ஹில். பிறின்சி கைகளை ஊன்றித் தவழ்ந்து ஏறினார். வழியில் ஒரு செம்மறி இருமியது. மனிதர் என்று நினைத்து அந்தப் பக்கம் போய்த் திரும்பினார். அவர் சுவரைத் தொட்டபோது கிரிஜா ஆக்டன் டவுன் வரை போய், மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பிறின்சி பக்கத்தில் உட்கார்ந்து தன் கோட்டை இருவர்மேலும் போர்த்தினார்.

பனி விலகி மற்றவர்கள் வந்து சேர மாலையாகிவிட்டது. கிரிஜாவின் கணுக்கால் எலும்பில் வெடிப்பு. அது ஆறிய பிறகும் அவர் மலைக்குப் போகவில்லை.

அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் ஏன் வீடுகளை விட்டுப் போனார்கள் என்பது இன்னும் தெரியவில்லை. குளிர் கூடியிருக்கலாம், நோய் வந்திருக்கலாம் என்கிறார்கள். பிறின்சி இப்போது வேறொரு மலையில் அளக்கிறார். கழுத்தில் ஒரு விசில் தொங்குகிறது.