மரத்தில் நின்ற முடிச்சு

முன்னாள் ராணுவத்தினர் சங்க மலருக்கு, சர்வீஸில் பெருமைப்பட்ட ஒரு சம்பவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். புதிதாகப் பட்டாளத்துக்குப் போகிறவர்கள் படிப்பார்களாம். பெருமைப்பட்டதை எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் வெட்கப்பட்டதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் பெயர் அந்தோணிசாமி. வடக்கனந்தல் பக்கம் விவசாயக் குடும்பம். ரிட்டயர் ஆனது நாயிப் சுபேதாராக. இது நடந்தபோது அதற்கு ஒரு படி கீழே, ஹவில்தார். எங்கள் கம்பெனியில் பாறை ஏறி இறங்கும் பயிற்சிக்கு நான்தான் உஸ்தாத், அதாவது சொல்லிக்கொடுக்கிறவன். கயிறும் கொக்கியும் இருக்கிற ஸ்டோரின் சாவியும் என் இடுப்பில்தான் தொங்கும்.

1. இன்ஸ்பெக்ஷன் சாமான்

எங்கள் ஸ்டோரில் எல்லாப் பொருளும் இரண்டு ரகம். ஒன்று வேலை செய்ய. இன்னொன்று பெரிய அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போக. அந்த வருஷம் ஆறு சுருள் புதுக் கயிறு வந்தது. சீட்டு கட்டி, வரிசையாக ஆணியில் மாட்டி, தினமும் தூசி தட்டி வைத்திருந்தேன். பயிற்சி மட்டும் பழைய கயிற்றில் நடந்துகொண்டிருந்தது.

கோவிந்தன் கல்வராயன் மலைக்காரன், வெள்ளிமலைப் பக்கம். லான்ஸ் நாயக். எங்கள் ஊரில் வாசலில் நின்றாலே தெரிகிற மலை அது, அதனால் அவன் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். முடிச்சு போடுவதில் கம்பெனியிலேயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது. புது ஆட்களுக்கு அவன் கையைப் பாருங்கள் என்றுதான் சொல்லுவேன்.

ஒருநாள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தான்.

"உஸ்தாத், இது நார் நாராப் போய்க்கினு இருக்குது. புதுசுல ஒண்ணு குடுங்க."

"இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்டா. அப்புறம் ஆறும் உனக்குத்தான்."

"பாறையில ஒரசுற எடம் உஸ்தாத். தாங்காது."

நானும் சும்மா இருக்கவில்லை, மேஜரிடம் போய்க் கேட்டேன். அவர் வடக்கத்திக்காரர். எங்களோடு இருந்தே தமிழ் கற்றுக்கொண்டவர். "அந்தோணி, ஜெனரல் சாப் வரும்போது அழுக்குக் கயிறு காட்டுவியா? பழசு இன்னும் ஒரு வாரம் ஓடும்" என்றார். "சரி சாப்" என்று சல்யூட் அடித்துவிட்டு வந்தேன்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உஸ்தாத் சரி என்று சொல்லாமல் எந்த ஆளும் கயிற்றில் இறங்கக்கூடாது என்பது விதி. இந்தக் கயிற்றில் ஆள் இறக்கமாட்டேன் சாப் என்று நான் சொல்லியிருந்தால் மேஜரால் என்னைத் திட்டத்தான் முடிந்திருக்கும். திட்டு வாங்கப் பயந்தேன், அவ்வளவுதான்.

2. கிரவுண்ட் கிளியர்

மறுநாள் காலை பத்து மணி. பாறை மேலே நானும் கோவிந்தனும் மட்டும். மற்றவர்கள் கீழே. மரத்தில் அவனே கயிற்றைக் கட்டினான். போலைன் முடிச்சு, எவ்வளவு இழுத்தாலும் நழுவாது. விதிப்படி நானும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. முதுகைச் சாய்த்து இறங்கினான். நாலு எட்டு வைத்திருப்பான், பாறை விளிம்பில் கயிறு அறுந்தது. முப்பது அடி. இடுப்பு எலும்பும் வலது காலும் நொறுங்கின.

அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் சுபேதார் உளுந்தூர்பேட்டைக்காரர். கீழே இருந்து கத்தினார்: "அந்தோணி, மேஜர் சாப் வந்துக்கினு இருக்காரு. கிரவுண்ட கிளியர் பண்ணுய்யா!"

பயிற்சி முடிந்தால் கிரவுண்டில் ஒரு துரும்பு கிடக்கக்கூடாது. பதினேழு வருஷமாகப் பழகின கை. மரத்தில் கோவிந்தன் போட்ட முடிச்சு அப்படியே நின்றது, அதிலிருந்து ஒரு முழக் கயிறு பிய்ந்து தொங்கியது. அந்த முடிச்சை நான் அவிழ்த்தேன். அவன் பாரம் இழுத்து இறுகியிருந்ததால் நகத்தை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. துண்டைக் குப்பைக் குழியில் போட்டேன். கீழே போய் மீதிக் கயிற்றைச் சுருட்டி ஸ்டோரில் வைத்தேன். புத்தி முழுக்க ஆம்புலன்ஸ் பின்னால் போயிருந்தது. கை அதுபாட்டுக்கு வேலை பார்த்தது. மத்தியானம் வழக்கம்போல் குப்பைக்குத் தீ வைத்தார்கள்.

சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது: முடிச்சு நழுவவில்லை, கயிறுதான் அறுந்தது என்பதற்கு மரத்தில் நின்ற அந்தத் துண்டுதான் சாட்சி. சுபேதாரிடம் ஓடினேன்.

"சாப், முடிச்சு மரத்துலயே நின்னுச்சு. நான்தான் அவுத்துட்டேன்."

அவர், "எதுக்குய்யா அவுத்த?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முடிச்சு நழுவிட்டுதுன்னு மேஜர் சாப் ரிப்போர்ட் எழுதிட்டாரு. நீ இன்னா பாத்த? ஒண்ணும் பாக்கல. உன் பேரு பிரமோஷன் லிஸ்ட்ல இருக்குதா இல்லியா?" என்று கேட்டார்.

இருந்தது.

3. விசாரணை

விசாரணைக்கு வேறு யூனிட்டிலிருந்து ஒரு கர்னல் வந்தார். தமிழ் அதிகாரி, நிதானமானவர். யாரையும் அதட்டவில்லை. கயிற்றின் முனையைக் கையில் எடுத்து, "ஏன் இப்படிப் பிய்ந்திருக்கு?" என்று கேட்டார்.

"பழைய கயிறு எல்லாத்துக்கும் முனை அப்படித்தான் சாப்."

அது உண்மைதான். உண்மையை வைத்தே பொய் சொல்லலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"மரத்துல முடிச்சு இருந்ததா? அவசரமில்லை ஹவில்தார், யோசிச்சுச் சொல்லுங்க."

"கவனிக்கலை சாப்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை அதையே கேட்டார். இன்னொரு தடவையும் அதையே சொன்னேன். அவர் அதட்டியிருந்தால் பயத்தில் சொன்னேன் என்றாவது இன்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு அதிகாரி தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். நான் செய்யவில்லை.

தன் கவனக்குறைவால் ஏற்பட்ட காயம் என்று கோவிந்தனுடைய டிஸ்சார்ஜ் பேப்பரில் எழுதி அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்ஸ்பெக்ஷன் பிரமாதமாக நடந்தது. ஜெனரல் புதுக் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்றார். சில மாதத்தில் மேஜரே என் தோளில் ஸ்டார் குத்தினார். ஊருக்கு லீவில் வந்தபோது சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு மன்னிப்பு கிடைத்தது. கோவிந்தனுக்கு என்ன கிடைத்தது?

4. வெள்ளிமலை

ரிட்டயர் ஆகி வந்த பிறகும் அவனைப் பார்க்கப் போக இரண்டு வருஷம் ஆனது. பஸ் ஏறினால் அரை நாள் வேலைகூட இல்லை. தைரியம் வரவில்லை.

போனபோது ஒரு மினி லாரியில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். வலது கால் மடங்கவில்லை. "வாங்க உஸ்தாத்" என்றான். அந்த உஸ்தாத் என்ற வார்த்தை செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அவன் கட்டின லோடு என்றால் ஊரில் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார்களாம். முடிச்சு நழுவி விழுந்த சிப்பாய் என்று பேராகிவிட்டது. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"முடிச்சு நின்னுச்சு கோவிந்தா. நான்தான் அவுத்தேன். கேட்டப்ப சொல்லல" என்றேன்.

"நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும் உஸ்தாத். நான் போட்டது எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லுவீங்கன்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கினு காத்துக்கினு இருந்தேன்."

லாரிக் கொக்கியில் அப்போதுதான் கட்டிய முடிச்சைக் காட்டினான். அதே போலைன். "இழுத்துப் பாருங்க."

பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். அசையவில்லை.

"இத என்னண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டான்.

ரெஜிமென்ட் ஆபீஸுக்கு எழுதி அனுப்பினேன். முடிந்துபோன விசாரணை, புதிய ஆதாரம் இல்லாமல் திறக்க முடியாது என்று பதில் வந்தது. ஆதாரத்தைக் குழியில் போட்டவனே நான்தான்.

பட்டாளத்துக்குப் போகிறவர்களுக்குப் பாடம் சொல்லச் சொன்னார்கள். கை அவிழ்ப்பதற்கு முன்னால் கண் பார்க்கட்டும். பார்த்ததைக் கேட்கிற அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள். கர்னல் சாப் எங்கே இருக்கிறாரோ தெரியாது, இருந்தாலும் அவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். கவனித்தேன் சாப். லான்ஸ் நாயக் கோவிந்தன் போட்ட முடிச்சு மரத்தில் நின்றது.