சிவப்புத் துணி கட்டிய தேங்காய்

கழிவுநீர் ஆற்றில் விழுந்தபின் எவ்வளவு தண்ணீரோடு கலந்து, எத்தனை தூரத்தில் அதன் கெடுதல் தீர்கிறது என்று அளப்பது என் தொழில். அதாவது, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் இடத்துக்குப் போத்தலோடு போகிறவன் நான். வெயிலில் நின்று வேலையும் செய்து, வந்தவர் போனவரிடமெல்லாம் பேச்சும் வாங்கும் வாசகர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

பூசை நாள்

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சிற்றாறு. அது களப்பில், அதாவது கடலை ஒட்டிய உப்பேரியில், விழும் இடத்துக்குச் சற்று மேலே நெல் அவிக்கும் மில் ஒன்று. நெல் ஊறிய தண்ணீரை ஆற்றில் விடும் அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்டிருந்தார் முதலாளி. அந்தத் தண்ணீரால் இறால் சாகிறது என்று களப்பில் தொழில் செய்பவர்கள் முறைப்பாடு போட்டிருந்தார்கள்.

முறைப்படி அறிவித்துவிட்டுப் போனேன். மில்லின் கழிவுக் குழாய் காய்ந்து கிடந்தது, அதற்குச் சந்தனப் பொட்டு வேறு. மில்லில் பூசையாம், வேலை இல்லையாம். பிறகு நான் எதை அளப்பது? முதலாளி வடைத் தட்டை நீட்டியபடி சொன்னார்: "தண்ணி வராட்டில் இன்னும் நல்லம்தானே சேர், அப்பிடியே எழுதுங்கோவன்."

மூன்று தேங்காய்

அடுத்த முறை சொல்லாமல் போனேன். மாரி காலம். நீரோட்டத்தின் வேகம் பார்க்க நான் உரிக்காத தேங்காயைத்தான் மிதக்கவிடுவது. தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று அன்று மூன்று தேங்காய்க்கும் சிவப்புத் துணி கட்டிவிட்டேன். அங்கேதான் புத்தி பிசகியது.

கீழே களப்பில் மல்லிகா அக்கா கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் கட்டிய பறி நிறைந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். சிவப்புத் துணியோடு தேங்காய்கள் வருவதைக் கண்டதும், யாரோ தோசம் போகக் கழிப்புக் கழித்து ஆற்றில் விட்டிருக்கிறார்கள் என்று பதறிக் கரையேறிவிட்டார். ஓடிப்போய் விளக்கம் சொன்னேன். கேட்டால்தானே! "உங்கடை வீட்டுத் தோசத்தை உங்கடை கிணத்திலை கழியுங்கோ தம்பி, எங்கடை இறாலிலை ஏன் கழிக்கிறியள்?"

நல்ல முடிவு

கழிவு எப்படிக் கலக்கிறது என்று பார்க்கக் குழாயடியில் சிவப்புச் சாயமும் ஊற்றினேன். மாரி வெள்ளம் அதை முதல் வளைவுக்குள்ளேயே விழுங்கிவிட்டது. 'போதிய அளவு கலக்கிறது' என்று குறிப்பெழுதினேன். முதலாளிக்கு வாயெல்லாம் பல். அதே பெருமையோடு மல்லிகா அக்காவிடமும் சொன்னேன். அவர் பறியைக் கழுவியபடியே சொன்னார்: "மாரியிலை யானை விழுந்தாலும் ஆறு கொண்டு போகும். இறால் சாகிறது கோடையிலை, அப்ப வந்து பாருங்கோ."

கோடை

சுருக்கென்றது. கையெழுத்தை நிறுத்திவைத்துவிட்டுக் கோடையில் போனேன். களப்பின் வாயைக் கடல் மணல் மூடியிருந்தது. ஆறும் களப்பும் ஒரே குட்டையாய் அசையாமல் நின்றன. காலையில் குழாயடியில் விட்ட தேங்காய் பின்னேரமும் அங்கேயே நின்றது, சாயம் அதைச் சுற்றியே கிடந்தது. கரையோரம் செத்த இறால்கள். இதைப் பார்க்காமல் கையெழுத்து வைக்கப் போனேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

இந்த முறை மல்லிகா அக்கா பயப்படவில்லை. தண்ணீரில் இறங்கித் தேங்காயை எடுத்து என் கையில் தந்தார். "காலமை விட்ட தேங்காயே இஞ்சை நிக்குது, மில்லுத் தண்ணி மட்டும் எங்கை தம்பி போகும்?"

அந்த ஒரு கேள்வியைத்தான் நாற்பது பக்க அறிக்கையாக இழுத்து, மணல் மூடிய களப்பு வாய் திறக்கும்வரை ஒரு சொட்டும் ஆற்றில் விடக்கூடாது என்று முடித்துக் கையெழுத்து வைத்தேன். எனக்கு நட்டம் வடை மட்டும்தான்.